ஒரு சிவப்புப் புள்ளிக்காக எவ்ளோ அலைச்சல்

போன வாரம் ஆபீஸ்ல கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் மெசேஜ் போட்டிருந்தான். "அண்ணா, நானும் உங்ககூட ஸ்டீல் மேட்ச்சுக்கு வரலாம்னு இருக்கேன். எந்த பிஸ்டல் வாங்கலாம், மேல எந்த டாட் போடலாம்? லிங்க் மட்டும் அனுப்புங்க, போதும்." (டாட்னா துப்பாக்கி மேல மாட்டற சின்னக் கண்ணாடி, அதுல குறி வைக்க ஒரு புள்ளி தெரியும், ஆப்டிக்னும் சொல்வாங்க.) லிங்க் மட்டுமாம். ரைஸ் குக்கர் கேக்குற மாதிரி கேட்டுட்டான். இதே கேள்விக்கு பதில் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு, நடுவுல ஒரு துப்பாக்கிய வாங்கி சேஃப்ல தூங்க வச்சேன், ரெண்டு ஆப்டிக்க வித்தேன், வீட்ல வாங்குன பேச்சு தனிக் கணக்கு. அவனுக்கு டைப் பண்ண ஆரம்பிச்சது நீண்டுக்கிட்டே போச்சு, சரி இங்கயே போட்ருவோம்னு போடறேன்.

முதல்ல ஒண்ணு கேட்டேன் அவன்கிட்ட: கிரீன் கார்டு வந்துடுச்சா? வந்துடுச்சாம், நல்லது. ஏன்னா ஹெச்1பி வேலை விசால இருக்குறவங்க இங்க அமெரிக்காவுல துப்பாக்கியும் வச்சிருக்கக் கூடாது, தோட்டாவும் வச்சிருக்கக் கூடாது, ஃபெடரல் சட்டம். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு உண்டு, ஆனா அது இல்லாம ரேஞ்சுக்குப் போய் வாடகைக்கு எடுத்துச் சுடறதும் அதே சட்டத்துல மாட்டும், நம்மாளுங்க நிறைய பேருக்கு இது தெரியாது, டீம் அவுட்டிங்னு சொல்லிப் போய்ட்டு ஃபேஸ்புக்ல போட்டோ வேற போடறாங்க. நான் கார்டு வர்ற வரைக்கும் வீடியோ பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். கார்டு வந்தப்புறம் வீட்டம்மா போட்ட ஒரே கண்டிஷன், "துப்பாக்கி வர்றதுக்கு முன்னாடி சேஃப் வரணுங்க." சேஃப் வந்துச்சு, ஒரு மாசம் காலியாவே கிடந்துச்சு, பாஸ்போர்ட்டும் நகையும் அதுக்குள்ள போச்சு.

இப்போ மேட்ச் என்னன்னு தெரியாதவங்களுக்கு. ஸ்டீல் சேலஞ்ச்னு ஒரு விளையாட்டு, 1981ல கலிஃபோர்னியாவுல ஆரம்பிச்சது. அஞ்சு இரும்புத் தட்டு நிக்கும், டைமர் பீப்னு கத்தினதும் நாலு தட்டையும் எந்த வரிசையில வேணா அடிக்கலாம், கடைசியா ஸ்டாப் பிளேட்னு ஒண்ண அடிக்கணும், அதோட டைம் நிக்கும். அடிக்காம விட்ட ஒவ்வொரு தட்டுக்கும் மூணு செகண்ட் கூடும். இப்படி அஞ்சு தடவ (ஒவ்வொண்ணும் ஒரு ஓட்டம்), அதுல மோசமான ஒண்ண விட்டுட்டு மீதி நாலையும் கூட்டினா அந்த ஸ்டேஜோட ஸ்கோர். மொத்தம் எட்டு ஸ்டேஜ், அதாவது தட்டு நிக்குற எட்டு விதமான அமைப்பு, உலகத்துல எங்க போனாலும் அதே அளவு, அதே தூரம், டெக்சாஸ்ல ஒரு வயக்காட்டு ரேஞ்ச்ல நான் எடுக்குற டைமையும் உலக சாம்பியன் எடுக்குற டைமையும் பக்கத்துல வச்சுப் பாக்கலாம். பாக்காம இருக்குறது நல்லது. அஞ்சு தட்டையும் ரெண்டு செகண்டுக்குள்ள முடிக்கிற ஆளுங்கல்லாம் இருக்காங்க, நான் முதல் மேட்ச்ல ஏழெட்டு செகண்ட் எடுத்தேன்.

ஊருக்கு போன் பண்ணப்போ அம்மா கேட்டாங்க, "பாரிஸ்ல அந்தப் பொண்ணு ரெண்டு மெடல் வாங்குச்சே, அதாடா?" மனு பாக்கரைச் சொல்றாங்க. "அது வேறம்மா, அது காத்துத் துப்பாக்கி, ஒத்தக் கையில நின்னு நிதானமாச் சுடணும், இந்த லென்ஸ் கிண்ஸ்லாம் அதுல போடக் கூடாது. இது பொருட்காட்சியில பலூன் சுடற மாதிரி"ன்னேன். "அதுக்கா இவ்ளோ பணம்?"ன்னாங்க. பதில் சொல்லல.

சரி, நான் பண்ண முதல் தப்பு. 9 எம்எம் வாங்கினது. எல்லா வீடியோவுலயும் கேரி ஆப்டிக்ஸ் டிவிஷன்தான் இப்போ சூடுன்னாங்க, அதாவது சாதாரணமா இடுப்புல வைக்கிற மாதிரி பிஸ்டல், ஸ்லைடு (சுடறப்போ பின்னாடி போய் வர்ற மேல் பாகம்) மேல ஒரு சின்ன ரெட் டாட். நானும் பிளாஸ்டிக் பாடி, ஸ்லைடுல ஆப்டிக்குக்கு வெட்டு விட்ட ஒண்ண வாங்கினேன். பேர் வேணாம், நல்ல துப்பாக்கிதான், கோளாறு எங்கிட்ட. பத்து யார்டுல பேப்பர் டார்கெட் வச்சுச் சுட்டா எல்லாம் இடது பக்கம் கீழ போய் விழுது. ஆப்டிக் சரியில்லன்னு நெனச்சு புள்ளிய நகத்துற டயலைத் திருப்பறேன், திருப்பிக்கிட்டே இருக்கேன்.

பக்கத்து லேன்ல ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, எழுபது வயசுக்கு மேல இருக்கும், வாரா வாரம் பாக்குற முகம். ரொம்ப நேரம் பாத்துட்டு, "உன் மேகசினைக் குடு"ன்னு தோட்டா ரொப்பற அந்த டப்பாவ வாங்கி, எனக்குக் காட்டாம நடுநடுவுல வெடிக்காத டம்மி தோட்டா போட்டுக் குடுத்தார். சுட்டேன். ரெண்டு டமால், மூணாவது வெறும் டிக். அந்த டிக்ல பாத்தேன், வெடிக்கவே இல்ல, ஆனா என் கை துப்பாக்கியோட மூக்கைப் பிடிச்சு ரெண்டு இன்ச் கீழ அமுக்குது. டாட் டார்கெட்டை விட்டு கீழ ஓடிப் போய் ஆப்டிக்கோட கண்ணாடி ஜன்னல்லயே இல்லாமப் போச்சு. உதைக்கப் போகுதுன்னு உடம்பு முன்னாடியே பயந்து கீழ தள்ளுது, நான் இவ்ளோ நாள் அதுக்கு டயல் திருப்பிக்கிட்டு இருந்திருக்கேன். தாத்தா ஒண்ணும் சொல்லல, டயலை மட்டும் பாத்து சிரிச்சார்.

அப்புறம் தன் பையிலருந்து ஒண்ண எடுத்துக் குடுத்தார். ரூகர் மார்க் 4, .22, அதாவது 9 எம்எம்மை விடச் சின்னத் தோட்டா போடற பிஸ்டல். மேல பெரிய ஜன்னல் மாதிரி ஒரு டாட். பீப் கூட இல்ல, சும்மா தட்டைப் பாத்து அடிச்சேன், டிங். டிங். டிங். உதையே இல்ல, டாட் லேசா ஒரு குதி குதிச்சு அதே எடத்துல வந்து உக்காருது. அன்னைக்கு ராத்திரி 9 எம்எம் சேஃபுக்குள்ள போச்சு, ஆறு மாசம் வெளிய வரல.

இன்னொரு கணக்கும் இருக்கு. எட்டு ஸ்டேஜ் மேட்ச்ல ஒரு தோட்டா கூட தவறாம அடிச்சாலே 195 வேணும் (அவுட்டர் லிமிட்ஸ்னு ஒரு ஸ்டேஜ்ல மட்டும் அஞ்சுக்கு பதில் நாலு தடவதான், அதான் 200 வரல). தவறுமே, அப்போ 250னு வைங்க. 9 எம்எம் நான் வாங்கறப்போ தோட்டா ஒண்ணு இருபத்தஞ்சு சென்ட் பக்கம், .22 ஏழெட்டு சென்ட். அதோட .22ல ஹோல்ஸ்டர் (இடுப்புல மாட்டற துப்பாக்கி உறை) தேவையில்ல, துப்பாக்கிய ரெண்டு கையிலயும் பிடிச்சு முன்னாடி நட்டு வச்ச குறியப் பாத்து நீட்டிக்கிட்டு நின்னு ஆரம்பிக்கலாம், பெல்ட், ஹோல்ஸ்டர், பவுச்சுன்னு அந்தச் செலவும் மிச்சம், புதுசா வர்றவன் இடுப்புலருந்து வேகமா உருவறேன்னு தன் தொடையவே பாத்து நீட்டுற அபாயமும் இல்ல. தம்பி, முதல் துப்பாக்கி .22, இதுல எனக்கு ரெண்டாவது கருத்தே கிடையாது.

எந்த .22? இந்த ரூகர் பரம்பரை 1949ல ஆரம்பிக்குது, முதல் மாடல் முப்பத்தேழரை டாலருக்கு வித்தாங்க. சுடறதுல குறை சொல்ல முடியாது, கழட்டி மாட்டறதுலதான் உசுர வாங்கும், மார்க் 3 வரைக்கும் அதைக் கழட்டிட்டு திரும்ப மாட்டத் தெரியாம பிளாஸ்டிக் கவர்ல அள்ளிப் போட்டுக்கிட்டு கடைக்கு வர்றவங்க கதை நிறைய உண்டு. 2016ல மார்க் 4 வந்தப்போ பின்னாடி ஒரு பட்டன் வச்சாங்க, அமுக்கினா ரெண்டா மடங்கிடும். டாட் போடறவனுக்கு இதுல இன்னொரு வசதி, பேரலும் (குழாய்) அது மாட்டியிருக்குற ரிசீவரும் ஒரே துண்டு, டாட் அது மேலயே உக்காந்திருக்கும், சுத்தம் பண்ணக் கழட்டினாலும் டாட்டைத் தொட வேண்டியதில்ல, சரி பண்ணி வச்ச குறி அப்படியே இருக்கும். பிரவுனிங் பக்மார்க் ட்ரிகர் வெண்ணெய் மாதிரி இருக்கும், ஆனா முழுசாக் கழட்டணும்னா மேல இருக்குற ஸ்க்ரூவையும் சைட் பட்டையையும் எடுக்கணும், டாட் அதுல உக்காந்திருந்தா அதுவும் சேந்து வரும். ஸ்மித் அண்ட் வெசன் விக்டரி ஒரே ஸ்க்ரூவுல கழலும், கிட்டத்தட்ட ஒரு கிலோ கனம், ஆடாம நிக்கும். டாரஸ் டிஎக்ஸ்22 பதினாறு தோட்டா பிடிக்கும், 9 எம்எம் மாதிரியே கையில இருக்கும், அதுல காம்படிஷன்னு ஒரு மாடல்ல டாட்டை ஸ்லைடுல வைக்காம பேரல் மேலயே வைக்கிற மாதிரி பண்ணியிருக்காங்க.

டாட் எங்க உக்காருதுன்ற இந்தப் பேச்சு ஏன்னா, ஸ்லைடு மேல உக்காந்த டாட் ஒவ்வொரு வெடிக்கும் பின்னாடி போய் முன்னாடி வரும், கண்ணு அதத் துரத்தணும். அசையாத எடத்துல உக்காந்த டாட் துப்பாக்கி ஆடற அளவுக்கு மட்டும் ஆடும், அவ்ளோதான். புதுசா கத்துக்கறவனுக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெருசு.

ஆனா மாடலை விட முக்கியம்னு நான் சொல்றது பிடியோட சாய்வு. யாரும் எனக்குச் சொல்லித் தராத விஷயம் இது. சாதா மார்க் 4 பிடி லூகர்ன்ற பழைய ஜெர்மன் பிஸ்டல் மாதிரி நல்லா சாஞ்சிருக்கும், 22/45ன்ற மாடல் பிடி 1911ன்ற பழைய அமெரிக்க ராணுவப் பிஸ்டல் மாதிரி நிமிந்து இருக்கும். இரும்பு சைட்ல (டாட் இல்லாத துப்பாக்கியில குறி பாக்குற முளைங்க) இது பெரிய பிரச்சினை இல்ல, மூக்கு மேல இருந்தா முன் சைட் துருத்திக்கிட்டுத் தெரியும், இறக்கிக்கலாம். டாட்ல அப்படி இல்ல. கை கொஞ்சம் தப்பா தூக்கினாலும் ஜன்னல் காலி, வெறும் கண்ணாடி, புள்ளி எந்தப் பக்கம் போச்சுன்னு துப்புக் கூடக் கிடைக்காது. அதனால துப்பாக்கியையும் டாட்டையும் தனித்தனியா தேர்ந்தெடுக்கக் கூடாது. கடையில போய் டாட் மாட்டின ஒண்ணக் கேளுங்க, கடைக்காரரை காலியான்னு காட்டச் சொல்லுங்க, நீங்களும் ஒரு தடவ பாருங்க, அவர் காட்டுற செவுத்தப் பாத்து நின்னு கண்ணை மூடிக்கிட்டுத் தூக்குங்க. கண்ணத் திறந்தா டாட் ஜன்னலுக்குள்ள இருக்கணும். பத்து தடவையில ஏழெட்டு தடவ இருந்தா அதுதான் உங்க துப்பாக்கி, எனக்கு சாஞ்ச பிடியில பத்துக்கு ரெண்டு, நிமிந்த பிடியில ஏழு. 22/45 லைட் வாங்கினேன், எழுநூறு கிராம் சொச்சம்தான். இவ்ளோ லேசா இருந்தா தட்டுலருந்து தட்டுக்கு வேகமாப் போகும், சில சமயம் தட்டைத் தாண்டியும் போயிடும். அது பழகிடுச்சு.

இப்போ டாட். இங்கதான் பணம் கரைஞ்சுது.

எனக்கு 46 வயசு, அஸ்டிக்மேட்டிசம் (புள்ளி சிதறித் தெரியுற கண் குறை) உண்டு, வெள்ளெழுத்து ஆரம்பிச்சாச்சு. இரும்பு சைட்ல முன் சைட்டைத் தெளிவாப் பாக்கணும்ன்றாங்க, எனக்கு அது பஞ்சு மிட்டாய் மாதிரி தெரியுது. டாட் போட்டா தட்டை மட்டும் பாத்தா போதும், புள்ளி அது மேலயே மிதக்கும், ரெண்டு கண்ணையும் திறந்து வச்சுக்கலாம். இது ஏமாத்து வேலைன்னு பழைய ஆளுங்க சிலர் இன்னும் முனகறாங்க, 1990லயே அடிலெய்டுல நடந்த ஐபிஎஸ்சி வேர்ல்ட் ஷூட்ன்ற உலக பிஸ்டல் போட்டிய டக் கோனிக் டாட் போட்டுத்தான் ஜெயிச்சார், அதுக்கப்புறமும் என்ன முனகல்.

முதல்ல வாங்கினது 2 எம்ஓஏ டாட். எம்ஓஏன்னா ஒண்ணும் பெரிய கணக்கில்ல, நூறு யார்டுல கிட்டத்தட்ட ஒரு இன்ச்ச மறைக்கும், பத்து யார்டுல அதுல பத்துல ஒரு பங்கு. சின்னப் புள்ளின்னா துல்லியம்னு நெனச்சு வாங்கினேன். வீட்ல போட்டுப் பாத்தா புள்ளி இல்ல, மிதிபட்ட எறும்பு மாதிரி ஒண்ணு, கூட ஒரு வால். டிஃபெக்ட் பீஸ்னு கோவமா திருப்பி அனுப்ப பேக் பண்ணிட்டேன். நல்லவேளை தாத்தா சொன்னார், போன் கேமராவ ஆப்டிக் பின்னாடி வச்சு போட்டோ எடுத்துப் பாருன்னு. எடுத்தேன். போட்டோல அழகா, வட்டமா, குங்குமப் பொட்டு மாதிரி இருக்கு. எறும்பு என் கண்ணுலதான். கண்ணாடி போட்டுப் பாத்தா பாதி வால் போச்சு, வெளிச்சத்தைக் குறைச்சா மீதியும் முக்கால்வாசி போச்சு. தம்பி, நீயும் கண்ணாடி போடறவன், வாங்கறதுக்கு முன்னாடி சிவப்பு, பச்சை ரெண்டையும் கடையில கண்ணாடியோட பாரு, சிலருக்கு பச்சை சுத்தமாத் தெரியும், எனக்கு அதுவும் எறும்புதான், பச்சை எறும்பு.

கடைசியில 6 எம்ஓஏல நின்னேன். பெரிய புள்ளி சட்டுனு கண்ணுல படும், வெளிச்சம் கம்மியா வச்சாலும் தெரியும். துல்லியம் போயிடாதான்னா, இந்த விளையாட்டுல இருக்குறதுலயே தூரமான தட்டு 35 யார்டுல நிக்குது, அது பதினெட்டுக்கு இருபத்திநாலு இன்ச் பலகை, அங்க 6 எம்ஓஏ புள்ளி ரெண்டு இன்ச் சொச்சம்தான் மறைக்கும். ஹோலோசன் 507சில நடுவுல புள்ளியும் சுத்தி 32 எம்ஓஏ வளையமும் வரும், சில பேர் அந்த வளையத்துலயே எல்லாத்தையும் அடிக்கறாங்க, எனக்கு அது தட்டைச் சுத்தி ஜிலேபி பிழிஞ்ச மாதிரி இருந்துச்சு.

ரெண்டாவது ஆப்டிக் கதை சுருக்கமா. தள்ளுபடியில கிடைச்சுதுன்னு வாங்கினேன், வந்து பாத்தா என் மவுன்ட்ல உக்காரல. அடியில ஸ்க்ரூ ஓட்டையும் முளையும் இருக்குற அமைப்ப ஃபுட்பிரிண்ட்னு சொல்றாங்க, ட்ரிஜிகான் ஆர்எம்ஆருக்கு ஒண்ணு, டாக்டர்னு ஒரு பழைய ஜெர்மன் ஆப்டிக்கோடது ஒண்ணு, லியூபோல்டுக்குத் தனி. வோர்டெக்ஸ் வெனம் டாக்டர் வகை, ஹோலோசன் 507சி ஆர்எம்ஆர் வகை. ஜோசியத்துல பொருத்தம் பாக்குற மாதிரி முதல்ல இதப் பாக்கணும். நான் பாக்கல, இருபது டாலர் நஷ்டத்துல வித்தேன்.

மூணாவது, இப்போ இருக்குறது, பொருந்துச்சு. ஆனா அதுலயும் ஒரு மேட்ச் போச்சு. பெண்டுலம்னு ஒரு ஸ்டேஜ், தட்டுங்க உயரம் தாழ்வா ஊசல் மாதிரி நிக்கும். மூணாவது ஓட்டத்துல டாட் தட்டு மேல இருக்கு, ட்ரிகர் அமுக்கறேன், வெடிக்குது, ஆனா தட்டுல டிங் சத்தமே இல்ல. திரும்ப அமுக்கறேன், பின்னாடி மண் மேட்டுல இடது பக்கம் தூசி கிளம்புது. மேகசின்ல இருந்த பத்தும் காலி. திரும்பவும் கீழ தள்றேனோன்னு மனசு அங்க போயிடுச்சு, அந்த ஸ்டேஜ் முழுக்க மூச்சைப் பிடிச்சு, பிடிய இறுக்கி என்னென்னவோ பண்ணேன். முடிஞ்சு சேஃப் ஏரியாவுக்கு (தோட்டா இல்லாம துப்பாக்கிய வெளிய எடுத்துப் பாக்க ஒதுக்கின எடம்) எடுத்துப் போய் ஆப்டிக்க விரலால தொட்டா, ஆடற பல்லு மாதிரி ஆடுது. ஸ்க்ரூ கழலாம பிடிக்கிற பசை, நீல லாக்டைட், அதப் போடாம விட்டிருக்கேன். இப்போ ஸ்க்ரூவச் சுத்தமாத் தொடச்சு, ஒரு சொட்டு நீல லாக்டைட், முறுக்கு அளவு வச்சுத் திருப்பற டார்க் ஸ்க்ரூடிரைவர்ல ஆப்டிக்கோட வந்த பேப்பர்ல போட்ட அளவுக்கு முறுக்கி, அப்புறம் வீட்டம்மாவோட நகப்பாலிஷ் எடுத்து ஸ்க்ரூ தலையிலருந்து பாடி வரைக்கும் ஒரு கோடு. கோடு உடைஞ்சிருந்தா ஸ்க்ரூ நகந்திருக்குன்னு அர்த்தம். மெரூன் கலர், அவங்களுக்கு இன்னும் தெரியாது.

வெளிச்சம் பத்தி ஒண்ணு சொல்லணும். ஆட்டோ பிரைட்னஸ் இருக்குன்னு விளம்பரத்துல பெருசாப் போடுவாங்க. எங்க ரேஞ்ச்ல சுடறவன் தகரக் கூரை நிழல்ல நிப்பான், தட்டு நூறு டிகிரி டெக்சாஸ் வெயில்ல வெள்ளை பெயிண்ட் அடிச்சு பளபளன்னு நிக்கும். ஆப்டிக்கோட சென்சார் நிழல்ல இருக்கு, அது நிழலுக்கு ஏத்த மாதிரி புள்ளியக் குறைச்சிடும், வெள்ளைத் தட்டு மேல புள்ளி கரைஞ்சு போயிடும். அதனால மேனுவல்தான், தட்டைப் பாத்து வச்சுக்கறேன். வெனம் மாதிரி பதினாலு மணி நேரத்துல தானா அணைஞ்சு போற வகைன்னா சுடற லைனுக்குப் போறதுக்கு முன்னாடி எரியுதான்னு ஒரு தடவ பாத்துக்கணும், அசைச்சா எரியற வகைன்னா அந்தக் கவலை இல்ல. பேட்டரி மாத்த ஆப்டிக்கையே கழட்டற மாதிரி இருக்குறத மட்டும் வாங்காதீங்க. .22 தோட்டா மெழுகும் கரியுமா துப்பும், நூறு ரவுண்டு போனா கண்ணாடியில புகை படியும், பையில காது குடையற பஞ்சுக் குச்சி நாலு வச்சுக்கணும்.

தோட்டாவுக்கு துப்பாக்கிதான் சொல்லணும், நாம இல்ல. அஞ்சு வகை, ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாக்கணும். என்னோடது சிசிஐ மினி மேக்ன்ற தோட்டா எவ்ளோ குடுத்தாலும் முழுங்கும், மலிவு மொத்தப் பெட்டியில ஐம்பதுக்கு ஒண்ணு டிக்னு நின்னுடும், .22ல பத்த வைக்கிற மருந்து தோட்டாவோட அடி விளிம்புல இருக்குறதால இது சகஜம். மேகசின் குறைஞ்சது அஞ்சு வேணும், ஒரு ஓட்டத்துக்கு ஒண்ணு, இல்லன்னா எல்லாரும் காத்திருக்க நீங்க நின்னு கட்டை விரல் தேய தோட்டா திணிச்சுக்கிட்டிருப்பீங்க. ஸ்பெஷல் ட்ரிகர் வாங்கலாமான்னு கேக்காதீங்க, ரெண்டாயிரம் ரவுண்டு கழிச்சுக் கேளுங்க.

தம்பி, லிங்க் கிடையாது. வர்ற சனிக்கிழமை காலைல ஏழு மணிக்கு வா, என் பிஸ்டலையே குடுக்குறேன், அஞ்சு மேகசினும் நான் ரொப்பித் தர்றேன். கண்ணாடிய மறக்காத. ரேஞ்ச் ஆபீசர் "மேக் ரெடி"ன்னு சொல்ற வரைக்கும், சேஃப் ஏரியாவத் தவிர எங்கயும் துப்பாக்கிய பையிலருந்து வெளிய எடுக்கக் கூடாது, முழு ரேஞ்சும் அப்படித்தான். தொப்பி போட்டுக்கோ, கழுத்து இறுக்கமா இருக்குற டி ஷர்ட்டா போட்டுக்கோ. போன வருஷம் காலர் திறந்த சட்டையோட நின்னேன், வெளிய தெறிச்ச சூடான காலித் தோட்டாக் கூடு ஒண்ணு நேரா கழுத்து வழியா உள்ள போயிடுச்சு. கையில லோடு பண்ண துப்பாக்கி, துள்ளக் கூடாது, திரும்பக் கூடாது, மூக்கு தட்டைப் பாத்தே இருக்கணும். நெஞ்சு பொசுங்கப் பொசுங்க மீதி மூணு தட்டையும் அடிச்சுட்டு, அன்லோட் பண்ணிக் காட்டிட்டு, அப்புறம்தான் சட்டைய உதறினேன். அன்னைக்கு நான் எடுத்ததுலயே வேகமான ஓட்டம் அதுதான்.